நாய்க்குட்டியை வீட்டுக்குப் பழக்குதல்



'நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்' என்று தொடங்கும் பழமொழியை நம்மில் அறியாதவர் இருக்க முடியாது. அதன் பின்பாதியை வானொலியில் சொல்லத் தேவையில்லை. நேயர்கள் தாமே முடித்துக்கொள்வார்கள். இந்தப் பழமொழியை உண்டாக்கியவர் நாயைக் குளிப்பாட்டியிருக்கிறார், நடுவீட்டில் வைத்தும் இருக்கிறார். ஆனால் அதற்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. குளிப்பாட்டுவது வேறு, பழக்குவது வேறு அல்லவா? இன்றைய பேச்சு அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. புதிதாக வந்த நாய்க்குட்டி வீட்டுக்குள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகாமல், அதற்கென்று ஒதுக்கிய இடத்திலேயே போகும்படி பழக்குவது எப்படி என்று பார்ப்போம்.

இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் கேட்கலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கும் ஒரு காலத்தில் இது விஷயமாகவே படவில்லை. லயத்து வீட்டில் நாய்க்கு வாசல்தான் வீடு. விடிந்தால் கித்தா மரங்களுக்கிடையே ஓடிவிடும். பால் வெட்டுக்குப் போகிறவர்களின் பின்னாலேயே போகும், பசித்தால் திரும்பி வரும். அது எங்கே போயிற்று, என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை. நாயை வீட்டுக்குப் பழக்குதல் என்ற சொல்லே தோட்டத்தில் வழங்கியதில்லை.

ஜோர்ஜ்டவுனில் குடியேறிய பிறகுதான் நிலைமை புரிந்தது. இங்கே முன்வாசல் என்பது சிமெண்டுத் தரை. அதற்கப்பால் அஞ்சடி, அது ஊர் நடக்கும் பாதை. பின்பக்கம் திறந்தால் பின்சந்து, சாக்கடை, எலி. அடுக்குமாடி வீடென்றால் இவைகூட இல்லை. கதவைத் திறந்தால் நடைபாதை, நடைபாதைக்கு எதிரே அடுத்த வீட்டாரின் செருப்புகள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குட்டி தன் இயற்கை உபாதையை எங்கே கழிக்கும்? அதற்கு யாராவது இடம் காட்டினாலொழிய, அகப்பட்ட இடத்தில்தான் கழிக்கும்.

எங்கள் பள்ளியில் ஒருநாள் காலை, இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் புத்தகப்பையை வழக்கத்துக்கு மாறாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். பை அசைந்தது. "என்னடா அது?" என்று கேட்டதற்கு, "சார், வீட்ல வேணாங்கிறாங்க. எல்லா எடத்திலயும் மூத்திரம் போகுதாம். நீங்க வெச்சுக்கிறீங்களா சார்?" என்றான். பைக்குள்ளே கணக்குப் புத்தகத்தின் மேல் ஒரு செம்மறைக் குட்டி படுத்திருந்தது. கணக்குப் புத்தகம் என்ன ஆகியிருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நேயர்களே, பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய குட்டிகளில் பல, வீட்டை விட்டு வெளியேற்றப்படுவதற்குக் காரணம் இதுதான். கடிப்பதால் அல்ல, குரைப்பதால்கூட அல்ல. அறை நாறுகிறது என்பதால்தான். இரண்டு வாரம் பொறுப்பார்கள், மூன்றாம் வாரம் ஓர் அட்டைப்பெட்டி தேடுவார்கள். மார்க்கெட்டுப் பின்புறமோ, கோயில் வாசலோ, உணவுக்கடை ஓரமோ, 'யாராவது எடுத்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அப்படி விடப்பட்ட குட்டிக்கு என்ன நேரும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் குட்டியின் உடம்பைப் புரிந்துகொள்வோம். பிறந்து ஏறத்தாழ மூன்று வாரம் வரை நாய்க்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் நாய் நாவால் நக்கித் தூண்டினால்தான் கழியும். அதைத் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும், படுக்கை உலர்ந்திருக்கும். மூன்று வாரத்துக்குப் பிறகு கால் ஊன்றத் தொடங்கியதும் குட்டிகள் தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு விலகிப்போய்க் கழிக்கும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. உறங்கும் இடத்தை அசுத்தப்படுத்தக்கூடாது என்ற உணர்வு நாய்க்குப் பிறவியிலேயே இருக்கிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம், 'இந்த முழு வீடும் உன் படுக்கைதான்' என்று அதற்கு மெல்ல மெல்லப் புரியவைப்பதே. கம்பிக்கூண்டிலோ சிறு பெட்டியிலோ தன் கழிவின் மேலேயே படுத்து வளர நேர்ந்த குட்டிக்கு இந்த உணர்வு மழுங்கிப்போகும்; அதைப் பழக்க நாள் அதிகம் பிடிக்கும். ஆகவே குட்டி வாங்கப் போகிறவர்கள் குட்டியின் முகத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அது பிறந்து கிடக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயைவிட்டுப் பிரிக்கவும் கூடாது.

எட்டு, ஒன்பது வாரத்தை ஒட்டி இன்னொன்று நடக்கிறது. எந்த மாதிரித் தரையில் கழிப்பது என்ற விருப்பம் குட்டிக்கு அப்போது படியத் தொடங்குகிறது. அதன் பாதம் புல்லை அறிந்தால் புல்லைத் தேடும், சிமெண்டை அறிந்தால் சிமெண்டைத் தேடும். இது தெரியாமல் நாங்கள் பட்ட பாடு ஒன்று உண்டு. இரண்டாவதாக வளர்த்த குட்டியை முதல் வாரத்தில் பழைய செய்தித்தாள் மேல் போகப் பழக்கினோம். அது நல்ல பிள்ளையாகப் பழகிக்கொண்டது. ஒரு சனிக்கிழமை, திருத்துவதற்காக மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைக் கூடத்துத் தரையில் பரப்பி வைத்துவிட்டு எழுந்துபோனோம். திரும்பி வருவதற்குள் கட்டுரை நோட்டுகள் நனைந்திருந்தன. குட்டியைக் கோபிக்க முடியுமா? தாளின் மேல் போ என்று சொன்னவர்கள் நாங்கள்தாமே! ஆகவே, எந்த இடத்தில் அது கடைசிவரை போக வேண்டுமென்று விரும்புகிறீர்களோ, அந்தத் தரையையே முதல் நாளிலிருந்து காட்டுங்கள். தாளில் தொடங்கிப் பிறகு மண்ணுக்கு மாற்றுவது இரண்டு தடவை வேலை.

அடுத்தது அடக்கும் திறன். இரண்டு மாதக் குட்டி, படுத்துறங்கும்போது ஏறத்தாழ மூன்று மணி நேரம் அடக்கும். மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரம். வயதின் மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது என்பது கால்நடை மருத்துவர்கள் தோராயமாகச் சொல்லும் கணக்கு. இது உறங்கும்போதுதான். விழித்து விளையாடும் குட்டிக்கு அரைமணி, முக்கால் மணிக்கு ஒருமுறைகூட வரும். முழுக் கட்டுப்பாடு வர நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். சின்னஞ்சிறு இனங்களுக்கு இன்னும் சற்று அதிகம். கைக்குழந்தை தொட்டிலை நனைத்தால் நாம் அதை அடிப்பதில்லை. பத்து வாரக் குட்டி அந்தக் குழந்தையைப் போன்றதுதான்.

எப்போதெல்லாம் அதற்கு வரும் என்பது ஏறக்குறைய கடிகாரம் போல இருக்கும். தூங்கி எழுந்தவுடன். சாப்பிட்டு ஐந்து நிமிடம் முதல் அரைமணிக்குள். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசைவதால் வருவது இது. விளையாடி ஓய்ந்ததும். இரவு படுக்கப் போகுமுன். இந்த நான்கு வேளையிலும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் விட்டுவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. இடையில், விளையாடிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று விளையாட்டை நிறுத்தித் தரையை முகர்ந்துகொண்டு வட்டமிட்டால் தாமதிக்கக்கூடாது.

சாப்பாட்டுக்கு நேரம் குறித்தால்தான் கழிவுக்கும் நேரம் அமையும். இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு நாளைக்கு மூன்று, நான்கு வேளை, குறித்த மணியில் கொடுத்துக் கால்மணியில் தட்டை எடுத்துவிட வேண்டும். நாள் முழுவதும் தட்டு கிடந்தால் நாள் முழுவதும் வரும். தண்ணீர் அப்படியல்ல, நம் ஊர் வெயிலில் தண்ணீரைப் பறித்து வைப்பது கொடுமை. இன்னொரு செய்தி: குட்டிக்கு நம்மவர் ஆசையாகக் கெட்டிப்பால் கரைத்து ஊற்றுவார்கள். பல குட்டிகளுக்குப் பசும்பாலும் கெட்டிப்பாலும் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு வரும். வயிற்றுப்போக்குள்ள குட்டியைப் பழக்க எந்த ஆசிரியராலும் முடியாது. குடற்புழு இருந்தாலும் அப்படியே. ஆகவே பழக்கத் தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் புழுநீக்கி மருந்து கொடுத்துவிட வேண்டும். குட்டியின் குடற்புழு சிறுபிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது என்பதையும் மறந்துவிடலாகாது.

இப்போது எங்கள் முதல் குட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஜெலுத்தோங் பக்கம் வாடகை வீட்டில் இருந்த காலம். தோட்டத்திலிருந்து ஒரு குட்டி கொண்டுவந்தோம். பெயர் மணி. காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவோம். பிற்பகல் திரும்பினால் கூடம், படுக்கையறை, பூசையறை வாசல் எங்கும் ஈரம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: குட்டியின் கழுத்தைப் பிடித்து இழுத்து, மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்து, சுருட்டிய செய்தித்தாளால் இரண்டு போடுவது. நாங்கள் உள்ளே நுழைந்ததுமே அது காதை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே செருகி, சுவரோரம் ஒடுங்கும். "பார்த்தாயா, செய்த தப்பு அதற்கே தெரிகிறது" என்று பேசிக்கொள்வோம்.

அது எங்கள் அறியாமை. 2009-ஆம் ஆண்டில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு, நாய்க்கு உரியவரை வெளியே அனுப்பினார். சில நாய்கள் தின்றன, சில தின்னவில்லை. ஆனால் உரியவரிடம் உண்மையைச் சொல்லாமல், தின்னாத நாயையும் தின்றதாகச் சொல்லித் திட்டவைத்தார். திட்டு வாங்கிய நாய்கள், தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும், அந்தக் 'குற்றவாளி முகத்தை'க் காட்டின. அதாவது அந்த முகம் நம் கோபத்துக்குக் காட்டும் பதில். செய்த செயலுக்கு வருந்தும் வருத்தமன்று. காலையில் போன சிறுநீரையும் பிற்பகல் விழுந்த அடியையும் மணியால் இணைத்துப் பார்க்க முடியவில்லை. 'இவர்கள் வீட்டுக்குள் வரும்போது அடி விழும்' என்ற ஒன்றை மட்டும் அது கற்றுக்கொண்டது. இன்னொன்றையும் கற்றது: மனிதர் கண்முன்னே போகக்கூடாது. அதன் பிறகு அலமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் போய் மறைவாகக் கழித்தது. நாங்கள் அதைக் கெட்ட புத்தி என்றோம்.

ஆறாவது வாரம் எங்கள் பொறுமை தீர்ந்தது. தெரிந்தவர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், கொடுத்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து விசாரித்தபோது, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, பிறகு காணவில்லை என்றார். எங்கள் பிள்ளைகள் வெகுநாள் தெருவில் கறுப்பு நாய் தென்பட்டாலெல்லாம் "மணி" என்று கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இதில் வெட்கம் என்னவென்றால், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் பாடத்தில் நாங்கள் முதலில் படித்ததே நாயைப் பற்றித்தான்! ரஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லோவ் செரிமானத்தைப் பற்றி ஆராய்ந்து 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். உணவு வரும் முன்பே, உணவு வரும் அறிகுறிக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதை அவர் கண்டார். ஓர் ஒலியும் ஓர் அனுபவமும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் மனத்தில் பிணைந்துவிடும். அமெரிக்கரான தார்ண்டைக் 1898-இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்துச் சோதித்தார். எந்தச் செயலுக்குப் பின்னால் நல்ல பலன் உடனே கிடைக்கிறதோ அந்தச் செயல் மீண்டும் மீண்டும் வரும் என்று காட்டினார். இவற்றைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள், வீட்டில் ஒரு நாய்க்குட்டியிடம் மறந்துபோனோம்.

பாவ்லோவைப் படிக்காத நம் பாட்டிமார் இதைக் கையாண்டார்கள் என்பதே வேடிக்கை. கைக்குழந்தையை இரு பாதங்களின் மேல் உட்காரவைத்து 'உஸ்ஸ்' என்று ஒலியெழுப்புவார்கள். சில நாளில் அந்த ஒலி கேட்டாலே குழந்தை ஒன்றுக்குப் போகும். குட்டிக்கும் இதே முறைதான். அதன் இடத்தில் விட்டதும், அது குந்தும்போது, ஒரே ஒரு சொல்லை அமைதியாகச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சொல் 'உஸ்ஸ்'தான். மாமியார் வைத்த பெயர். முடித்ததும், அந்த இடத்திலேயே, ஓரிரு நொடிக்குள் பாராட்டி ஒரு சிறு துண்டு கோழிக்கறியோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்றுதான் அது எண்ணும். இந்தச் சிறு வேறுபாட்டில்தான் பலருடைய முயற்சி வீணாகிறது.

இரண்டாவது குட்டி, கறுப்பி, வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சமையலறைக் கதவில் தொங்கவிட்டு, பென்சிலையும் கட்டிவைத்தோம். எத்தனை மணிக்குத் தின்றது, எத்தனை மணிக்குப் போனது, எங்கே போனது என்று கண்டவர் எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. முதல் வாரம் வீட்டுக்குள்ளே பதினெட்டு தடவை. நான்காம் வாரம் இரண்டு தடவை. அந்த இரண்டும் கனமழை பெய்த மாலைகள் என்று நோட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குட்டிக்கு மழையில் நனையப் பிடிக்கவில்லை. பின்புறத்தில் ஒரு தகரத் தாழ்வாரம் போட்டதும் அதுவும் நின்றது. நோட்டு இல்லாவிட்டால் அதற்கும் குட்டியைத்தான் திட்டியிருப்போம்.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது? கண்ணெதிரே நடந்தால், கையைத் தட்டி அதன் கவனத்தைத் திருப்பி, தூக்கிக்கொண்டு போய் உரிய இடத்தில் விடுங்கள். நாம் பார்க்காதபோது நடந்திருந்தால் வாயைத் திறக்காமல் துடைத்துவிட வேண்டியதுதான். துடைப்பதிலும் கவனம் வேண்டும். நாயின் மூக்கில் மணம் அறியும் உயிரணுக்கள் நம்மைவிடப் பன்மடங்கு அதிகம். நமக்கு நாறாத இடம் அதற்கு 'இதுதான் கழிப்பிடம்' என்று கூவிக்கொண்டிருக்கும். அம்மோனியா கலந்த துப்புரவு மருந்து சிறுநீர் மணத்தையே ஒத்திருப்பதால் அது அழைப்பிதழ் வைத்தது போலாகும். குளோரின் வெளுப்பு நீரைச் சிறுநீரின் மேலோ அம்மோனியாவோடோ கலந்துவிடாதீர்கள்; நுரையீரலைத் தாக்கும் வாயு உண்டாகும். கடுமையான பினாயிலும் வேண்டாம், குட்டி காலை நக்கும். தாளால் ஒற்றியெடுத்து, நொதி கலந்த சலவைத்தூளைக் கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். பளிங்குக்கல் அல்லாத தரையானால் தண்ணீர் கலந்த வினிகரும் உதவும். மலத்தை உடனே அள்ளிவிடுங்கள். சில குட்டிகள் அதைத் தின்னும். பெரும்பாலானவை வளர வளர விட்டுவிடும். பழமொழி சொன்னவர் அப்படி ஒரு குட்டியைப் பார்த்திருப்பார் போலும்.

வீட்டில் ஆள் பார்க்க முடியாத நேரத்தில் குட்டியை வீடு முழுக்கத் திரியவிடக் கூடாது. ஒரு சிறு கூண்டோ, பலகையால் தடுத்த மூலையோ போதும். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடமிருக்க வேண்டும்; அதற்கு மேல் பெரிதானால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் கழிக்கும். வெயில் படாத, காற்றோட்டமான இடமாக இருப்பது நம் ஊருக்கு மிக மிக முக்கியம். தண்டனையாக உள்ளே தள்ளாதீர்கள். அடக்கும் நேரத்துக்கு மேல் பூட்டியும் வைக்காதீர்கள். எல்லாரும் காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை வெளியே இருக்கும் வீடானால், பகலில் ஒருமுறை வந்து திறந்துவிட ஒரு பாட்டியையோ பக்கத்து வீட்டாரையோ ஏற்பாடு செய்யுங்கள். அது முடியாதென்றால் இப்போதைக்குக் குட்டி வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வளர்ந்த, பழகிய நாய் ஒன்றைக் காப்பகத்திலிருந்து எடுக்கலாம். பினாங்கில் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் ஜெலுத்தோங்கில் இருக்கிறது. இரவில் முதல் சில வாரம் யாராவது ஒருவர் ஒருமுறை எழத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் அது எங்கள் இல்லத்தரசியின் பங்காக வந்து விழுந்தது, அதில் எங்களுக்கு இன்றும் பேச்சுக் கேட்க வேண்டியிருக்கிறது.

தடுப்பூசி முடியாத குட்டியைப் பின்சந்துக்கோ பொதுத் திடலுக்கோ கொண்டுபோகாதீர்கள். பார்வோ என்னும் நச்சுயிரி மண்ணிலே பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். குட்டிகளை இரத்தப்போக்கில் கொன்றுவிடும். எலிச் சிறுநீரால் வரும் எலிக்காய்ச்சலோ நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இடைவெளி விட்டுப் பதினாறு வாரம் வரை தொடரும். அதுவரை பழைய கடைவீடுகளில் இருப்பவர்கள் நடுமுற்றத்தின் ஒரு மூலையைப் பயன்படுத்தலாம். மாடி வீட்டுக்காரர்கள் ஓர் அகன்ற தட்டில் மண்ணும் புல்தரையும் வைத்துப் பால்கனியில் வைக்கலாம். மாடி வீடானால் அதற்கு முன்பே நிர்வாகத்திடம் நாய் வளர்க்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு கேட்டு, 'இல்லை' என்ற பதில் வந்தால் பாதிக்கப்படுவது குட்டிதான்.

அண்டை அயலாரைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் பல வீடுகளுக்குப் பக்கத்து வீடு முஸ்லிம் அன்பர்களுடையது. நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கரைத்த நீரால், கழுவ வேண்டும் என்பது அவர்கள் சமய விதி. நம் குட்டி அவர்கள் வாசலில் ஒருமுறை காலைத் தூக்கினால் அவர்களுக்கு எவ்வளவு வேலை என்று எண்ணிப் பாருங்கள். கறுப்பி வந்த வாரமே நாங்கள் பக்கத்து வீட்டு ஹாஜியாரிடம் போய்ச் சொல்லி, வேலியின் அடியில் வலை அடித்துக்கொடுத்தோம். பெருநாளுக்குப் பலகாரத் தட்டு இன்றும் வருகிறது.

எல்லாம் பழகிய நாய் திடீரென்று மீண்டும் வீட்டுக்குள் போகத் தொடங்கினால் அது பிடிவாதமன்று. சிறுநீர்ப்பையில் நோய்த்தொற்று இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். சில குட்டிகள் நம்மைக் கண்ட மகிழ்ச்சியிலோ அச்சத்திலோ குனிந்து சிறிது கசியவிடும். அதற்குத் திட்டினால் இன்னும் அதிகமாகும். நிமிர்ந்து நின்று மேலிருந்து கை நீட்டாமல், பக்கவாட்டில் குந்திக்கொண்டு அழைத்தால் நாளடைவில் நின்றுவிடும்.

தெருவில் விடப்பட்ட குட்டிக்கு என்ன நேரும் என்று சொல்வதாகக் கூறினோம். 2015-ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மூன்று வட மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தோன்றியது. பல ஆண்டுகளாக அந்நோய் இல்லாதிருந்த இடங்கள் இவை. பினாங்கில் தெருநாய்களைப் பிடித்து அழிப்பதென்று மாநில அரசு முடிவு செய்தது. பிராணிநல ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தடுப்பூசி போடுங்கள், கருத்தடை செய்யுங்கள், கொல்லாதீர்கள் என்றார்கள். மனித உயிரைக் காக்க வேண்டியவர்களின் அச்சத்தையும் நாம் தள்ளிவிட முடியாது. அந்நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. 2017-இல் சரவாக்கில் அது பரவியபோது சிறுபிள்ளைகளே இறந்தார்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு நாங்கள் அப்போது வகுப்பில் பாடமாகவே நடத்தினோம்.

அந்தப் பாடத்தின் நடுவில் ஒரு மாணவி எழுந்து, "சார், பிடிச்சிட்டுப் போற நாயெல்லாம் முன்னாடி யார் வீட்டு நாய் சார்?" என்று கேட்டாள். வகுப்பில் யாரும் பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எங்கள் நினைவில் மணி வந்து நின்றது.

பைக்குள் வந்த அந்தச் செம்மறைக் குட்டியைப் பற்றிச் சில நேயர்கள் கேட்கக்கூடும். அன்று மாலை பள்ளி முடிந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு மாணவனின் வீட்டுக்கே போனோம். அவன் தாயார் வாசலிலேயே, "சார், தயவு செஞ்சு கொண்டு போயிருங்க" என்றார். இரண்டு வாரம் தவணை கேட்டோம். ஒரு பழைய நோட்டும் பென்சிலும் கொடுத்து, கறுப்பிக்குச் செய்த ஏற்பாட்டைப் பையனுக்கு விளக்கினோம். எழுதுவது அவன் பொறுப்பு. காலையில் எழுந்ததும், பள்ளிவிட்டு வந்ததும் குட்டியை வீட்டுப் பின்புறத்து வாழைமரத்தடிக்குத் தூக்கிப் போவதும் அவன் பொறுப்பு. பகலில் ஒருமுறை அவன் பாட்டி. திங்கட்கிழமைதோறும் நோட்டை எங்களிடம் காட்ட வேண்டும். எழுத்துப் பிழை ஏராளம். 'மூத்திரம்' என்ற சொல்லை அவன் நான்கு விதமாக எழுதியிருந்தான். மூன்றாம் திங்கட்கிழமை நோட்டில் உள்ளே என்ற கட்டம் முழு வாரமும் காலியாக இருந்தது. அடுத்த மாதம் அவன் தந்தை அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, ஊராட்சி மன்றத்தில் உரிமமும் எடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம்; வீட்டில் எல்லாரும் 'உஸ்ஸு' என்றே கூப்பிடுகிறார்கள்.